நூற்றெழுபது கிராம்

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர் ஒரே தொழிலிலும் இருந்துவிட்டால் ஒருவனுக்குத் தூக்கம் போய்விடும். இங்கே போனது பெரியவனுக்கு. பன்னிரண்டு வருஷமாக மாமியார் வீட்டில் ஃப்ரிட்ஜ் முனகினாலும் அவன்தான், குழாய் ஒழுகினாலும் அவன்தான். மாமனார் போன பிறகு, எனக்கு ஆம்பளப் பிள்ளை இல்லேன்னு யார் சொன்னது, பெரிய மாப்பிள்ளை இருக்காரே என்று அந்த அம்மாள் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆள் வந்துவிட்டான். சின்ன மகளைக் கட்டியவனும் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். குளிர் தொடங்குமுன் வந்து, பழைய ஹீட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹீட் பம்ப் மாட்டிக் கொடுத்துவிட்டான். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்து கிடந்தாலும் அதிலுள்ள கொஞ்சநஞ்சச் சூட்டையும் கறந்து வீட்டுக்குள் கொண்டுவந்து விடும் மெஷின். நான் வெளியூர் வேலைக்குப் போன வாரமாகப் பார்த்து மாட்டியிருக்கிறான் என்று பெரியவன் பொருமினான். வாரத்தைக் குறித்தது அம்மாதான் என்று அவன் பெண்டாட்டி நாலு தடவை சொல்லியும் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குறை. செப்புக் குழாய் நூல் பிடித்த மாதிரி சுவரோரம் ஓடியது. வெளி யூனிட்டின் மூடிக்குள் சின்னவனின் குண்டு எழுத்து: கம்பெனி போட்ட கேஸ் 800, கூடுதல் குழாய்க்கு 140, மொத்தம் 940 கிராம். பெரியவன் காலமெல்லாம் பிரஷர் கேஜ் முள்ளைப் பார்த்தும் குழாயைத் தொட்டும் கேஸ் போட்டவன். இவன் என்னடாவென்றால் நகைக்கடைக்காரன் மாதிரி தராசில் நிறுத்துப் போட்டிருக்கிறான்.

வீட்டுக்குள் அதைவிட மோசம். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இருபத்தொரு டிகிரியில் வைத்து அப்படியே விடவும், அடிக்கடி ஏற்றி இறக்க வேண்டாம். வெளியே படிந்த பனியை மெஷின் உருக்கும்போது ஐந்து நிமிஷம் காற்று நிற்கும், பயப்பட வேண்டாம். அதைப் பார்த்தும் பெரியவன், வெளியே போகும்போது அணைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிப் பார்த்தான்.

"இல்ல மாப்பிள்ளை. சின்னவர் அப்படியே ஓடட்டும்னு சொல்லியிருக்கார்" என்றாள் மாமியார்.

பன்னிரண்டு வருஷத்தில் அவன் சொல்லுக்கு அந்த வீட்டில் விழுந்த முதல் 'இல்ல' அது. வயிறு பற்றி எரிந்தது. நேரே வண்டிக்குப் போய்க் கேஜையும் ஹோஸையும் எடுத்து வந்து வெளி யூனிட்டில் மாட்டினான். முள் சரியாகத்தான் நின்றது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி மாட்டினான். குளிர் கூடிய வாரம் ஒரு தடவை, மழை பெய்த வாரம் ஒரு தடவை. குளிர்காலத்தில் அந்த முள் வானிலைக்குத் தக்கபடி ஆடும், அதை வைத்து கேஸ் கூடவா குறைவா என்று சொல்ல முடியாது. இதெல்லாம் அவனுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றும் தெரியும். விறைத்துக் கிடக்கும் ஹோஸுக்குள் சூடான கேஸ் பாய்ந்தால் திரவமாகி அதிலேயே தங்கிவிடும். கழற்றும்போது புஸ்ஸென்று காற்றோடு போகும். தடவைக்கு நாற்பது கிராமுக்குக் குறையாது. பெரிய மெஷினுக்கு அது கடலில் ஒரு கையளவு. இந்தச் சின்ன மெஷினுக்கு உடம்பு ரத்தம். தெரிந்துதான் மாட்டினான். எரிகிற வயிறு எந்தக் கணக்கைக் கேட்கும்?

ஐந்தாவது வாரம் மெஷின் ஊதுவது வெதுவெதுப்பாகக்கூட இல்லை என்று மாமியார் போன் செய்தாள். செய்தது சின்னவனுக்கு. பெண்டாட்டி வழியாகச் சேதி தெரிந்ததும் பெரியவனுக்கு ஒரு பக்கம் முள் குத்தியது, இன்னொரு பக்கம் மேளம் கொட்டியது. கூப்பிடாமலே போய் நின்றான். வெளி யூனிட்டில் பனி அடியில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் படிந்திருந்தது, மேலே காய்ந்து கிடந்தது.

"கேஸ் கம்மி தம்பி" என்றான், மாமியாருக்குக் கேட்கிற குரலில்.

சின்னவன் இருந்த கேஸையெல்லாம் காலி சிலிண்டருக்கு இழுத்துத் தராசில் வைத்தான். 770. நூற்றெழுபது குறைகிறது. நைட்ரஜன் ஏற்றி, மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு மணி நேரம் காத்திருந்தான். ஒரு குமிழும் வரவில்லை, முள் மயிரிழையும் இறங்கவில்லை. கசிவே இல்லை. அப்புறம் ஹோஸ் மாட்டும் வாயின் பித்தளை மூடியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். புதுப்புது ஸ்பானர் கீறல்கள். தலையைத் தூக்கிப் பெரியவனை ஒரு தடவை பார்த்தான். பிறகு எழுந்து மாமியாரிடம் போனான்.

"என் தப்புதான் அத்தை. அன்னைக்கு நிறுக்கும்போது எங்கயோ கோட்டை விட்டுட்டேன்."

இந்த வார்த்தைக்குத்தான் பெரியவன் ஐந்து வாரம் காத்திருந்தான். கேட்டதும் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் சின்னவனுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தே மூடி மறைக்கிறான் என்பது உறைத்தபோது, பழைய எரிச்சலெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆனது. இனிச் சாகிற வரை இவன் போட்ட பிச்சையில் இந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும். பெரிய மனுஷத்தனத்திலும் இவனே முந்திக்கொண்டானே!

"பொய் சொல்றான் அத்தை" என்றான் பெரியவன். "அவன் சரியாத்தான் போட்டிருக்கான். நான்தான் நாலு தடவை ஹோஸ் மாட்டினேன், அவன் வேலைல ஓட்டை கண்டுபிடிக்கலாம்னு. கேஸ் அதுலதான் போச்சு."

யோக்கியன் என்று பெயர் வாங்கச் சொன்னதல்ல அது. சின்னவனுக்குக் கடமைப்பட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மாமியார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வாரா வாரம் வந்து பார்க்கிறாரே, என்ன அக்கறைன்னு எதிர்வீட்டுல சொல்லிச் சொல்லி மாஞ்சேன்" என்றாள். "ரெண்டு நாளா இந்தப் போர்வைக்குள்ளதான் கிடக்கேன் மாப்பிள்ளை."

அவனால் தலை நிமிர முடியவில்லை. சின்னவன் அதற்குள் வாக்குவம் பம்பை ஓட விட்டிருந்தான். குழாய்க்குள்ளிருந்த காற்றும் ஈரமும் இழுபட்டு முடிந்ததும், புது சிலிண்டரைத் தராசில் ஏற்றினான்.

"அண்ணா, நீங்க வால்வைப் பிடிங்க. நான் எடை சொல்றேன்."

பெரியவன் குந்தி உட்கார்ந்து வால்வை மெல்லத் திருகினான். எண்ணூறு என்றது பின்னாலிருந்து குரல். தொள்ளாயிரம். இன்னும் பத்து. அஞ்சு. மூடுங்க. முப்பது வருஷத் தொழிலில் இன்னொருத்தன் வாய் பார்த்து அவன் கை வேலை செய்தது அன்றைக்குத்தான். அரைமணி நேரத்தில் உள்ளே சூடு ஏறியது, மாமியார் போர்வையை மடித்து வைத்தாள்.

அடுத்த வருஷம் சர்வீஸுக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டாள். கேட்டது பொதுவாக, பார்த்தது சின்னவனை.

"அவனையே கூப்பிடுங்க" என்றான் பெரியவன். "எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கூட நின்னு பார்க்கிறேன்."

"வாங்க மாப்பிள்ளை, வராம எங்க போவீங்க? அந்த ஹோஸை மட்டும் வண்டியிலயே விட்டுட்டு வாங்க."

தராசைப் பெட்டியில் வைக்கிற சாக்கில் சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதைப் பெரியவன் பார்த்துவிட்டான்.