பக்கத்தின் அடியில் ஒரு வரி

காலை ஒன்பது இருபதுக்குத் துணை ஆலோசகர் அக்காவின் மேசைக்கு வந்து, அச்சிட்ட தாளின் அடியில் நகத்தால் ஒரு கோடு கிழித்தார்.

"இந்தக் கடைசி வரி வேணாம்க்கா. எடுத்துட்டு மறுபடி அடிங்க."

தேசியப் பாதுகாப்பு ஆலோசகரின் அலுவலகத்தில் வாசல் காவலர் முதல் துணை ஆலோசகர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். ராணுவம், உளவுத்துறை, வெளியுறவு என்று நாலா பக்கமிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் காகிதங்களைச் சுருக்கி ஒரே பக்கமாக்குவது அவள் வேலை. பத்து மணிக் கூட்டத்தில் பிரதமர் முன்னால் ஆலோசகர் வாசிப்பது அந்தப் பக்கத்தைத்தான். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. ஏதாவது ஒரு பிரிவு மற்றவர்களோடு ஒத்துப்போகாவிட்டால், அதன் கருத்தை அடியில் ஒரு வரியாகச் சேர்த்தே ஆக வேண்டும். தயாரித்தவர் இடது மூலையில் சுருக்கொப்பம் போடாத தாள் கூட்ட அறைக்குள் போகாது.

இன்றைய பக்கம் ஆற்றங்கரைக் கிடங்கைப் பற்றியது. எல்லைக்கு அப்பால் இருந்தது அது. உள்ளே ஆயுதம் இருக்கிறது, இன்று இரவே குண்டு போட்டு அழிக்கலாம் என்று எல்லாத் துறைகளும் சொல்லியிருந்தன. வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்க்கும் பிரிவு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிரிவின் படக்காரர் ஒருவர் நேற்றுச் சாயங்காலம் தானே படி ஏறி வந்திருந்தார்.

"ஆயுதம்னு சொல்றாங்க, சரி. ஆயுதம் துணி துவைச்சுக் காயப்போடுமாக்கா?"

படத்தில் கிடங்குக்குப் பின்னால் ஒரு கயிறு, அதில் வெள்ளைப் புள்ளிகள். முந்தாநாள் ஏழு, நேற்று ஒன்பது. அதில் நாலு மிகச் சிறியவை.

"கைக்குட்டையா இருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"இருந்தா ரொம்ப சந்தோஷம். நான் தப்புன்னு ஆகுறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அவர் சொன்னதைத்தான் அக்கா அடியில் சேர்த்திருந்தாள்: 'கிடங்கில் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் தங்கியிருக்கலாம் என்பது படப்பிரிவின் கருத்து.'

"இடம் கொள்ளலக்கா" என்றார் துணை ஆலோசகர். "காலைல நான் கொடுத்த பத்தி சேரணும். நீங்க வேற எழுத்தைப் பூசணிக்காய் சைசுக்குப் போடுறீங்க."

பெரிய எழுத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், ஆளில்லாத அறையில் ஆலோசகர் ஒரு தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டுவதை அவள் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். போர்முனையில் நின்ற பழைய தளபதி. கோட்டுப் பையில் கண்ணாடி இருந்தும் நாலு பேர் முன்னால் எடுக்க மாட்டார். மறுநாளிலிருந்து எழுத்து பெரிதானது. அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த சின்ன உதவி அது.

"உங்க பத்தியில 'உறுதியான, தீர்மானமான, திடமான'ன்னு இருக்கு தம்பி. மூணும் ஒரே வேலையத்தான் செய்யுது. ரெண்டு பேருக்கு லீவு கொடுத்தா இந்த வரி தாராளமா உக்காரும்."

அவர் சிரிக்கவில்லை. "எடுங்கக்கா."

இரண்டு வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான் ஒருவர் வந்து நின்றார், அவளும் அடிவரியை எடுத்தாள். இடம் கொள்ளவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அன்று குண்டு விழுந்த ஒரு படகில் பதினோரு பேர் செத்துப்போனார்கள். இன்றுவரை தினமும் வீட்டை விட்டுக் கிளம்புமுன், பேர் தெரியாத அந்தப் பதினோரு பேருக்காகவும் கைகூப்பிவிட்டுத்தான் வருகிறாள். பன்னிரண்டாவதாக ஒருவரைச் சேர்க்க அவளுக்குத் தெம்பில்லை.

அக்கா பேனாவை மூடி வைத்தாள். "எடுக்கலாம் தம்பி. ஆனா மூலையில என் ஒப்பம் இருக்காது."

"ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு. அதைப் பழைய ஃபைலுங்க நடுவுல தூசி தட்டிக்கிட்டுக் கழிக்கணுமா?"

"தூசிதானே. கழுவினாப் போயிடும்."

மணி ஒன்பது நாற்பது. துணை ஆலோசகர் அவளை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பத்தியை முழுசாகச் சேர்த்தார். கடைசி வரியை எறும்புச் சாரை போல் பொடி எழுத்தாக்கினார். அச்சடித்து நீட்டினார்.

"இதோ இருக்கு. ஒரு சொல்லும் குறையல. விதிப்படி எல்லாம் சரி. போடுங்க."

உண்மைதான், ஒரு சொல்லும் குறையவில்லை. அவள் ஒப்பமிட்டாள். அவர் தாளை வாங்கிக்கொண்டு தாழ்வாரத் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த எழுத்தை ஆலோசகரால் படிக்க முடியாது. படித்ததாகக் காட்டிக்கொண்டு, பெரிய எழுத்து முடிந்த இடத்தில் நிறுத்திவிடுவார். துணை ஆலோசகருக்கும் அந்த ரகசியம் தெரியுமோ என்னவோ.

கூட்ட அறைக்கு முன்னாலுள்ள தாழ்வாரத்தில் ஊழியர் யாரும் பேசக்கூடாது. கைப்பேசிகளை மரப்பெட்டியில் போட்டுவிட்டு அமைச்சர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் தாளோடு வாசலை நெருங்கியபோது அக்கா வழியில் போய் நின்றாள். காவலர் அதிர்ந்துபோய், "அக்கா, தள்ளுங்க" என்று முணுமுணுத்தார். துணை ஆலோசகர் அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

மூன்று வருடமாக மூடி வைத்ததை இத்தனை பேர் முன்னால் உடைக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு கணம் தயங்கினாள். கடவுளே, இவர் மானத்தை நீ பார்த்துக்கொள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஐயா, அடியில ஒரு வரி இருக்கு. பொடி எழுத்து. அதுக்கு உங்களுக்குக் கண்ணாடி வேணும்."

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. ஆலோசகரின் முகம் கல்லானது. காது மடல் இரண்டும் சிவந்தன.

"யார்கிட்ட பேசுறீங்கன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க ஐயா. அதனாலதான் சொல்றேன்."

அவள் நகரவில்லை. ஆலோசகர் தாளின் அடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காவலர் கதவைச் சாத்தத் தொடங்கினார். கனமான கதவு, மெதுவாகத்தான் மூடும். குறுகிக்கொண்டே வந்த இடுக்கில், நீள மேசையருகே அவர் நிற்பது தெரிந்தது. வலது கை கோட்டுப் பைக்குள் போய் வெளியே வந்தது. ஒரு பக்கத்துக் கம்பியில் கறுப்பு நூல் சுற்றிய பழைய கண்ணாடி. அதை மூக்கில் ஏற்றி, தாளை முகத்தருகே கொண்டுவந்தார். பக்கத்தின் அடியில் அவர் விரல் இடமிருந்து வலமாக, மெல்ல நகரத் தொடங்கியது.