கதவுக்கு வெளியே ஒரு கண்டக்டர்

வீட்டில் இருப்பது ஒரே கழிவறை. காலையில் மனைவி உள்ளே போய் உட்கார்ந்ததும் பஸ் கண்டக்டரான கணவர் கதவை இரண்டு தட்டு தட்டி, "போலாம், ரைட்!" என்று குரல் கொடுப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பாதியில் எழுந்து வந்துவிடுவாள். பஸ்ஸில் ஒரு பயலும் சட்டை செய்யாத நகைச்சுவைக்கு வீட்டிலாவது மவுசு இருக்கிறதே என்று கண்டக்டருக்குத் தலைகால் புரியாது.

கொஞ்ச காலமாக அவளுக்குச் சிறுநீர் கழித்துவிட்டு வந்த சூட்டிலேயே மறுபடி முட்டிக்கொண்டு வந்தது. இருமினால் கசிந்தது. அடிவயிறு கல்லாய்க் கனத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்.

ஸ்கேன் எடுத்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். "போயிட்டு வந்தேங்கறீங்க, பாதிக்கு மேல உள்ளேயே நிக்குதே! முழுசா போறதில்லையா?"

"எங்கேம்மா போக விடறார்? இவர் கண்டக்டராச்சே. ஸ்டாப்பிங்ல வண்டி நின்னா பொறுக்காது."

நர்ஸ் சிரித்தாள். கண்டக்டருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"அது மட்டும்தான் காரணமான்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா இப்படிப் பாதியில எழுந்துக்கக் கூடாது. இன்னொரு தடவை நிதானமா போய்ப் பாருங்க. அப்பவும் இவ்வளவு நின்னா டியூப் போட்டுத்தான் எடுக்கணும்."

டியூப் என்றதும் மனைவிக்கு முகம் வெளிறிப்போயிற்று.

அவள் கழிவறைக்குள் போனாள். கண்டக்டர் கதவுக்குக் காவல் நின்றார். தட்டக் கை ஓங்கிய ஒரு பெண்மணியை, "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மேல் மாடியில இன்னொண்ணு இருக்கு" என்று கெஞ்சி அனுப்பிவைத்தார். செய்த பாவத்தில் கால்வாசி கழிந்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஏங்க..." உள்ளிருந்து மெல்லிய குரல்.

"சொல்லும்மா. நான் இங்கதான் இருக்கேன். நீ பாட்டுக்கு இரு."

"அதாங்க. நீங்க அங்க நிக்கறீங்கன்னாலே எனக்கு வர மாட்டேங்குது. கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் தள்ளிப் போங்களேன்."

கோவிச்சுக்காதீங்க என்றாளே, அதுதான் நெஞ்சில் தைத்தது. தான் போவது அவள் காதில் விழட்டும் என்று வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, படியிறங்கி, தெருவுக்கே வந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "சார், டியூப் வேண்டாம்! மேல வாங்க!"

கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து மனைவிக்கு அவர் செய்த உருப்படியான காரியம், பக்கத்தில் இல்லாமல் இருந்ததுதான்.

படியில் காலை வைத்தவர் எடுத்துவிட்டார்.

"அவளுக்கு மறுபடி போகணும்போல இருந்தா போயிட்டே வரட்டும்மா," என்றார். "நான் இங்கேயே இருக்கேன்."