மணல் கீறிய குடுவை

நல்லகாமன் கல்லூரிக்குக் கட்ட வேண்டியது பதினாலு ரூபாய் ஒன்பதணா. ஒரு ஜெர்மன் குடுவையின் விலை. சண்டைக் காலத்தில் அப்படியொன்று காசு கொடுத்தாலும் கிடைக்காது என்பதால், விலையை அவன் பேரில் எழுதியதோடு நிற்காமல், பேராசிரியர் சீதாராமன் ஒரு வாரம் அவன் முகத்தையே பார்க்கவில்லை.

குடுவை உடையவில்லை. அதுதான் அவனுக்கு ஆறவில்லை. ரசாயனக் கூடத்தில் பதினோரு வருஷமாகக் கண்ணாடி கழுவுகிறவன். ஆராய்ச்சி மாணவன் ராமதாஸ் சாயம் பிரிக்க நுணா வேரை ஸ்பிரிட்டில் காய்ச்சிக் காய்ச்சி, அடியில் தார் போலப் பிடித்த குடுவைகளைத் தினமும் கொண்டுவந்து போடுவான். கழுவுகிற அமிலத்துக்கும் தட்டுப்பாடு. அன்றைக்கு விரல் வெடிப்பில் ரத்தம் கசிந்தது. ஒரு கை வைகை மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்துவிட்டான். மணல் ஆகாது என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். உள்வயிறு முழுக்கக் கீறல். சூடு பட்டால் தெறித்துவிடும் என்று சீதாராமன் அதை அலமாரியில் ஒதுக்கினார்.

சம்பளம் பன்னிரண்டில் மாதம் இரண்டு பிடித்தம். மிச்சத்தில் வாடகையும் அரிசியும் சேர்ந்து நடக்கவில்லை. மனைவி அன்னக்கொடியை மேலூரில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டான். பாக்கி தீர்ந்ததும் கூட்டிக்கொள்வதாகப் பேச்சு. இரவுப் பள்ளியில் நாற்பது வயதில் கற்ற எழுத்தில் அவளுக்குக் கடிதம் போடலாம்தான். ஆனால் அண்ணன்காரன்தான் படித்துக் காட்ட வேண்டும். போடவில்லை.

ராமதாஸும் இளைத்துப்போனான். அவன் சாயம் படிகமாக வந்தால்தான் பட்டம். எட்டு மாதமாகப் பாகாகவே நின்றது. ஒருநாள் வேறு பாத்திரம் ஒழியாததால், மிஞ்சிய பாகைக் கீறல் குடுவையில் ஊற்றி மூடிவிட்டு மறந்துபோனான்.

பங்குனி மாதம் அலமாரியைத் துடைக்கும்போது நல்லகாமன் அதை எடுத்தான். கழுவப் போடத்தான் எடுத்தான். வெளிச்சத்தில் பார்த்தால், கீறல் கீறலாகச் செம்மஞ்சள் ஊசிகள் முளைத்திருந்தன. அவன் கை நின்றது.

“தம்பி, இங்க வாங்க. அம்புட்டும் ஊசியா நிக்கிது.”

ராமதாஸ் வந்து பார்த்தான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். “கல்கண்டு நூலைப் பிடிச்சு வளர்ற மாதிரிண்ணே,” என்றான். “நீங்க பளபளன்னு கழுவிக் குடுத்த எதுலயும் அதுக்குப் பிடிமானமே இல்ல.”

“அப்ப பதினோரு வருசமா நாந்தான் கெடுத்திருக்கேன்னு சொல்லுங்க.”

ராமதாஸ் சிரித்தான். அவன் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. அந்தக் குடுவையை ஏந்திக்கொண்டு சீதாராமன் அறைக்குப் போனான். நல்லகாமன் வாசலில் நின்றான். உள்ளே நடந்த பேச்சு பாதி இங்கிலீஷ். அவனைக் கூப்பிட்டபோது பேரேடு திறந்திருந்தது. நாலு மாதப் பிடித்தம் போக நின்ற ஆறு ரூபாய் ஒன்பதணாவின் மேல் சீதாராமன் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

“பாக்கி இல்லை, போ.”

“பிடிச்ச எட்டு ரூவாய்ங்க?”

“பிடிச்சது பிடிச்சதுதான்.”

நல்லகாமன் தலையாட்டினான். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. உடம்பில் அதற்குத் தெம்பில்லை. “நாளைக்கு மேலூர் போயிட்டு வாரேங்க,” என்றான். அவர் நிமிராமலே சரி என்றார். கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாக, வெடித்த விரல் தாளில் படாமல் தன் பெயரை எழுதினான். மை காய அவர் ஊதினார்.