இரவல் போன அருங்காட்சியகம்

உள்துறைமுக வீதியில் பழைய பண்டகசாலையொன்றின் இரண்டு அறைகளைக் கூட்டித் துடைத்து, சம்பளம் கிம்பளம் இல்லாமல் ஓர் அருங்காட்சியகத்தை நடத்தி வந்தார்கள் இரண்டு பேர். ஒருத்தி பூரணி, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. மற்றவர் கலீலுர் றஹ்மான், துறைமுகத்தில் முப்பது வருடம் இயந்திரம் திருத்தியவர். பொருட்களைத் தேடிப் பிடிப்பது அவள் பொறுப்பு. எண்ணெய் போட்டுத் துடைத்து, அட்டையில் விவரம் எழுதிக் கட்டித் தொங்கவிடுவது அவர் பொறுப்பு.

பார்க்கத்தான் ஆள் வருவதில்லை. மூன்று காவலரண் தாண்டி, ஏழு தரம் அடையாள அட்டை காட்டி, பழைய இரும்பைப் பார்க்க யார் வருவார்கள்?

தொண்ணூற்றாறில் நிலைமை மாறியது. சண்டைக்குப் பயந்து ஓடித் திரும்பியவர்களின் வீடுகளில் சட்டி முட்டிகூட மிஞ்சியிருக்கவில்லை. அதற்கு மேல் மின்வெட்டு வேறு. முதலில் வந்தவள் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துச் சிறு ஒழுங்கையில் குடியிருந்த பரீதா.

"டீச்சர், உங்கட அந்தச் செப்புக் கிடாரத்த ரெண்டு நாளைக்குத் தாங்களேன். கலியாண வீடு."

"அது காட்சிப் பொருள், பிள்ளை."

"சும்மா வெச்சு எத்தின பேருக்குக் காட்டினீங்க? நான் ஆக்கி இருநூறு பேருக்குக் காட்டுறன்."

கிடாரம் போனது. அதன் பின்னால் பெற்றோமாக்ஸ் விளக்கு, கரி போடும் இஸ்திரிப்பெட்டி, கைத் தையல் இயந்திரம், உரல், உலக்கை எல்லாம் வரிசையாக வெளிக்கிட்டன. திருப்பிக் கேட்கப் போனால் அவை வேலையில் இருந்தன. வெளியே முணுமுணுத்தாலும், பூரணிக்கு உள்ளூர ஒரு குதூகலம். ஊமையாய்க் கிடந்த உரல் இடிபடும் சத்தம் வீதிவரை கேட்டதே!

அப்படியிருக்க ஒரு காலை, கட்டடத்தின் சொந்தக்காரரான அரசாங்கத்திடமிருந்து கடிதமொன்று வந்தது. இருபது பொருளுக்குக் குறைந்தால் கட்டடத்தை அரிசிக் களஞ்சியமாக்குவதாகவும், பார்வையிட அதிகாரி இரத்தினசிங்கம் வருவதாகவும் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தாள். அன்றைக்கேதான். கடிதம் வழியில் மூன்று வாரம் படுத்திருந்து வந்திருக்கிறது.

அறையில் மிச்சம் நின்றது ஒரு நங்கூரம். அதையும் தூக்க ஏலாது என்றுதான் விட்டுவைத்திருந்தார்கள்.

"நானா, சைக்கிளை எடுங்கோ. வீடு வீடாய்ப் போய் அட்டையளைக் குடுத்து, பொருளிலை கட்டச் சொல்லுங்கோ. மற்றதை நான் பாக்கிறன்" என்றாள் பூரணி. றஹ்மானை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

றஹ்மான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தார்.

இரத்தினசிங்கம் வந்தார். நங்கூரத்தைப் பார்த்தார். வெறும் மேசைகளைப் பார்த்தார்.

"இவ்வளவுதானோ, அம்மா?"

"இது முகப்பு மட்டும்தான்" என்றாள் பூரணி, கண் இமைக்காமல். "மற்றப் பகுதி வெளியிலை. வாங்கோ, நடப்பம்."

முதல் வீட்டில் நஜ்முன் நிஸா கைத் தையல் இயந்திரத்தில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அட்டை ஒழுங்காகத் தொங்கியது. அதிகாரி குறித்துக்கொண்டார். அடுத்த வீட்டில் உரல் இருந்தது. ஆனால் அதன் அட்டை, அவசரத்தில், பக்கத்தில் நின்ற ஆட்டின் கழுத்தில். 'நூறு வருடப் பழமை. ஒரே மரத்தில் குடைந்தது' என்று அவர் வாசித்து முடிப்பதற்குள் ஆடு அட்டையின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது.

மூன்றாம் வீட்டு விறாந்தையில் ஒல்லாந்தர் காலத்துச் சாய்மனைக் கதிரை. அதில் சோமசேகரம் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அட்டை அவர் மார்பில் கிடந்தது. 'மிகப் பழையது. கால் பழுது. அசைக்க வேண்டாம்.' அதிகாரி உரக்க வாசிக்க, கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"கால் இல்லைத் தம்பி, இடுப்புத்தான்."

பூரணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரியின் முகத்திலோ ஒரு சுழிப்பும் இல்லை.

இப்படியே வீடு வீடாய் ஏறி இறங்கி, கடைசியாகப் பரீதாவின் கொல்லை. கிடாரத்தில் இறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. 'தொடக்கூடாது' என்ற அட்டை கைப்பிடியில் ஆவி பட்டுச் சுருண்டிருந்தது.

"சேர், தொடாட்டியும் பரவால்ல, தின்னுங்க" என்று பரீதா சோற்றுக் கோப்பையை நீட்டினாள்.

இரண்டாம் தரமும் போட்டுத் தின்று, கை கழுவிக்கொண்டுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அம்மா, உங்கட மேசையளிலை தூசி. நடுவிலை மட்டும் வட்டம் வட்டமாய்த் துப்புரவு. எல்லாம் இரவல் போயிட்டுது எண்டு எனக்கு அங்கையே விளங்கீட்டுது."

பூரணிக்கு முகம் சிவந்தது. "பொய் சொன்னது பிழைதான். ஆனா நீங்கள் பாத்ததெல்லாம் மெய்."

"ஓம். இருபத்திரண்டு எண்ணினனான். ஆட்டைச் சேர்க்கேல்லை."

அடுத்த மாதம் பதில் வந்தது. கட்டடம் அருங்காட்சியகத்துக்கே, ஆனால் சனிக்கிழமைகளில் பொருட்கள் அத்தனையும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து சனி விடிந்தால் உள்துறைமுக வீதியில் ஓர் ஊர்வலம். உரலை உருட்டிக்கொண்டு ஒருவர், விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர். காவலரணில் நின்ற சிப்பாய்கள் முதல் கிழமை கிடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள், பிறகு பார்க்கவில்லை. கொண்டுவந்தவர்கள் தங்கள் சாமானை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே குந்தியிருந்தார்கள். கதை வளர்ந்தது, தேத்தண்ணி வந்தது. அடுத்த கிழமை உரல் யார் வீட்டுக்கு என்று இரண்டு ஒழுங்கைகளும் சண்டை பிடித்தன.

மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்த, பழைய வகுப்பறைக் குரலை எடுத்து பூரணி கத்த வேண்டியிருந்தது. அப்போதும் ஒருவரும் எழும்பவில்லை.