பின்சீட்டில் நாத்தனார்

மூன்றாவது தடவையும் கோட்டைவிட்டால் வேலை கைநழுவிப் போய்விடும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை. மாதக் கடைசிக்குள் டிரைவிங் லைசென்ஸ் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குக் கார் கற்றுக்கொடுத்தது என் நாத்தனார். பஸ் டிரைவர். என்னைவிட ஆறு வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிட நீளம். லீவு நாளைத் தூங்கிக் கழிக்காமல், பூட்டிக் கிடந்த கிடங்கின் முற்றத்தில் என்னோடு மல்லுக்கட்டினாள். ரிவர்ஸில் கட்டத்துக்குள் நிறுத்துவதுதான் எனக்கு வரவே வராது. இரண்டு பக்கக் கண்ணாடியிலும் வெள்ளைக்கோடு ஒரே அளவில் தெரியும்வரை விடமாட்டாள். ஒருவழியாக வந்துவிட்டது. டெஸ்டில் இரண்டு தடவையும் கோட்டைத் தொடாமல் நிறுத்தினேன். இரண்டு தடவையும் ஃபெயில்.

முதல் தடவை அழுதுகொண்டே வந்துவிட்டேன். இரண்டாம் தடவை கோபத்தில் காரணம் கேட்டேன்.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் பின்னாடி பாக்கலையேம்மா. குழந்தை கிழந்தை நின்னா?" என்றார் அதிகாரி.

வீட்டில் சொன்னதும் நாத்தனார் முகம் சுருங்கிப்போனது. பஸ்ஸில் திரும்பிப் பார்த்தால் பயணிகள் தலைதான் தெரியும். பதினோரு வருஷமாகக் கண்ணாடியை மட்டும் நம்பி ஓட்டுகிறவள், தனக்கே இல்லாத பழக்கத்தை எனக்கு எங்கிருந்து சொல்லித் தருவாள்? தப்பு தன்மேல்தான் என்று அன்று அவள் சாப்பிடக்கூட இல்லை.

அடுத்த லீவு நாளில் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். விரலைக் காட்டுவாள். நான் திரும்பிப் பார்த்து எத்தனை என்று சொன்னால்தான் வண்டி நகரலாம். நடுக்கண்ணாடியில் பார்த்து ஏமாற்றினேன். அதைத் துணி போட்டு மூடினாள். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம் என்று அவளைத் திட்டித் தீர்த்தேன்.

மூன்றாவது டெஸ்டில் கழுத்து தானாகத் திரும்பியது. கொஞ்சம் கோணலாகத்தான் நிறுத்தினேன். பாஸ்.

வாசலில் யூனிஃபார்மோடு நின்றிருந்தாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "உன்னாலதான் எனக்கு வேலை நிலைச்சுது. இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"நீங்க சொல்லாதீங்க அண்ணி," என்றாள். "நேத்து டிப்போல ரிவர்ஸ் எடுக்கணும். திரும்பிப் பாருங்கன்னு உங்ககிட்ட கத்திக் கத்தி எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இறங்கிப் போய்ப் பின்னாடி பாத்தேன். பின்டயர்கிட்ட மெக்கானிக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. எந்தக் கண்ணாடியிலயும் அவர் தெரியல அண்ணி."