பாதி மாத்திரை

1

இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை. ஒரு படிவத்திலிருந்து வந்தது. கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், களைப்புத் தெரியாமல் வேலை செய்யவைக்கும் மாத்திரையைச் சோதிக்கப் போகிறார்கள். சம்மதப் படிவத்தைத் தமிழாக்கிப் பெண்களுக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் போய் வந்தேன். அந்த மாத்திரையில் ஒன்று எனக்கும் தந்திருந்தால் இதை இன்னும் நன்றாக எழுதியிருப்பேன்.

2

விடியலில் கோகிலா கத்தியோடு மரத்தடிக்கு

(வேண்டாம். பால் வெட்டுகிற பெண்ணை விடியலில் நிறுத்தாமல் யாருமே கதை தொடங்குவதில்லை.)

மனிதன் தன் உடம்பைத் தானே திருத்திக்கொள்ளலாமா என்ற கேள்வி

(இதைப் பேசக் கொழும்பில் குளிரூட்டிய மண்டபங்கள் இருக்கின்றன. இங்கே திருத்துகிறவர் ஒருவர், உடம்பு இன்னொருவருடையது.)

3

நேராகவே சொல்கிறேன். நாற்பது பெண்கள். பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. மூன்றாம் வாரம், பாலை நிறுக்கும் நிறுவைக் கொட்டகையில் கோகிலாவையும் அவளோடு பால் வெட்டும் விஜயகலாவையும் பார்த்தேன்.

"மாத்திரைய ஒழுங்கா குடிக்கிறீங்களா?"

"ஆமாங்க டீச்சர். என்னோடதுல பாதி இவளுக்கு, இவளோடதுல பாதி எனக்கு," என்றாள் கோகிலா.

"ஐயோ, ஏன்?"

"பாதிப் பேருக்கு வெறும் மாவுன்னு நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க? இவளுக்குப் பால் கொறஞ்சா அரைப்பேரு போட்டுருவாங்கன்னு என் வாளியிலருந்து ஊத்துறேன்ல, அதே மாதிரிதான். எல்லாருமே சோடி போட்டுக்கிட்டோம்."

[அரைப்பேர்: கிலோ குறைந்த நாளில் கிடைக்கும் அரைநாள் சம்பளம்.]

"உடம்பு எப்படி இருக்கு?"

"வேல முடிஞ்சும் புள்ளையோட வெளையாட முடியுதுங்க."

விஜயகலா நெஞ்சைத் தொட்டாள். "எனக்கு இங்க படபடன்னு அடிக்குது."

4

சோதனையை நடத்தும் டாக்டர் இப்திகார் நல்ல பிள்ளை. "மருந்து குடிச்சவங்க, மாவு குடிச்சவங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு டீச்சர். மருந்து சரிவராது போல," என்று வாடிப்போய்ச் சொன்னார். அவர்கள் பாதி பாதியாகப் பகிர்வதை நான் அவரிடம் சொல்லவில்லை.

சொன்னால், இனிக் கண்ணெதிரே விழுங்க வைப்பார்கள். மருந்து பலித்தால் ஒவ்வொருத்தியும் வெட்டவேண்டிய பாலில் நாளுக்கு நாலு கிலோ கூட்டலாம் என்று தோட்டத்துத் துரை பேசியதை என் காதாலேயே கேட்டேன். சொல்லாவிட்டால், மாவு தின்றவர்களுக்கும்தான் படபடப்பு, அது மருந்தால் அல்ல என்று விஜயகலாவின் நெஞ்சைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். பிறகு மருந்தின் அளவைக் கூட்டி வேறு தோட்டத்துக்குப் போவார்கள். அங்கே எவளோ ஒருத்தி முழுசாக விழுங்குவாள்.

5

(விஜயகலா மரத்தடியில் சரிந்தாள் என்று ஒரு முடிவு எழுதி அடித்துவிட்டேன். என் தலைவலி தீர ஒருத்தியைச் சாகடிக்க வெட்கமாக இருந்தது. கோகிலாவே டாக்டரிடம் சொல்லிவிடுவதாகவும் எழுதிப் பார்த்தேன். அவள் சொல்லமாட்டாள்.)

இன்று கடைசிப் படிவம். பதினோராம் கேள்வி: மாத்திரையை வேறு யாருடனாவது பகிர்ந்தீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். கோகிலாவிடம் பேனாவை நீட்டினேன்.

"எங்களுக்கு எது நல்லதோ அதப் பாத்து நீங்களே போட்டுருங்க டீச்சர்."

சம்மதப் படிவத்திலும் இதைச் சொல்லித்தான் கையெழுத்து வைத்தாள். அன்றும் நான் சும்மா இருந்துவிட்டேன்.

இப்திகார் நாலு மணிக்கு வருவார். இப்போது மூன்றரை. விஜயகலா வாளியைக் கழுவியபடி என்னைப் பார்க்கிறாள். எனக்கு அலுத்துவிட்டது. இதை வாசிக்கிறவரே, இந்தாருங்கள் பேனா, நீங்கள் பிடியுங்கள். ஆனால் எந்தக் கட்டத்திலும் போடுவதற்கு முன்னால், துரை சொன்ன அந்த நாலு கிலோவைப் பற்றி அவர்கள் இருவரிடமும் சொல்லிவிடுங்கள். நான் இன்னும் சொல்லவில்லை.