பெட்டிக்குப் பின்னால் வருகிறவர்கள்

...இடது முட்டி மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போதும், வலது முட்டியைப் பற்றிக் கவலையில்லை, அது போன தீபாவளியோடு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது, அதனிடம் எனக்கு எதிர்பார்ப்பே கிடையாது... தலையில் சாமிப் பெட்டி, வாயில் மஞ்சள் துணிக் கட்டு, வேட்டிக்குள்ளே பெண்டாட்டி மாயக்காள் மாட்டிவிட்ட முட்டி பெல்ட், இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்து இரண்டு பெண்கள் சூடம் வேறு காட்டிவிட்டார்கள். மத்தியானம் பெட்டி வீட்டு வாசலில் பங்காளிகள் என் வாயைக் கட்டும்போது மாயக்காள் தள்ளி நின்று சொன்னாள், "கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து என்னால முடியாதத ஒரு துண்டுத் துணியால முடிச்சுட்டாக, பெட்டிக்குள்ள ஐயா இருக்காருன்னு இன்னைக்குத்தான் நம்புறேன்." பெண்டாட்டி சொன்னதற்கு ஊரே சிரித்தது, பதில் சொல்ல எனக்கு வாயில்லை. கோயிலில் பெட்டி இறங்குகிறவரை பேசக் கூடாது, பெட்டி தரையைத் தொடக் கூடாது, தூக்குகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. தொட்டுவிட்டால்? பெட்டி அந்தக் குடும்பத்தை விட்டுப் போய்விடும், அந்த வருஷமே ஒரு சாவு விழும் என்பார்கள். அது நான் சொன்ன கதை இல்லை, அதுதான் பயமாயிருக்கிறது. நான் சொன்ன கதையென்றால் எந்த இடத்தில் திருகியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

இதோ சாலை. சமயநல்லூர்ப் பக்கம் நாற்கரச் சாலை வந்தபோது நடுவில் ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள், மாசித் திருவிழாவுக்குப் பெட்டி அதன் வழியாகத்தான் கோயிலுக்குப் போகும். அதில் விபத்து நடக்கிறதென்று இந்த வருஷம் முட்டி உயரத்துக்குக் கான்கிரீட் கட்டை வைத்து, நடுவில் மண் கொட்டிச் செடி நட்டு அடைத்துவிட்டார்கள். தம்பி மகன் முத்துப்பாண்டி நல்லவிதமாகத்தான் கேட்டான், "பெரியப்பா, டாட்டா ஏஸ்ல வச்சு அடிப்பாலத்து வழியா கொண்டு போயிருவோம், ஐயா என்ன கோவிச்சுக்கவா போறாரு?" வழி மாறக் கூடாது என்றேன். "அப்ப என் தலைக்காச்சும் மாத்தி விடுங்க." மாட்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? என் சீயான் பேயாண்டி, அப்பாவைப் பெற்றவர், சாகிற வருஷம்கூட இதே வழியில் தூக்கினாரே, அந்த வீம்புதான், வேறென்ன... மாசி வெயிலில் தார் உள்ளங்காலைப் பொசுக்குகிறது, பெட்டி என்னவோ கனக்கிறது. உள்ளே ஒரு வெண்கல மணி, ஒரு பட்டு, வெள்ளியில் சாமிக்குக் கண்கள், அம்புட்டுத்தான், நானே காலையில் துடைத்து வைத்தேன், ஒரு கையால் தூக்கலாம். பிறகு ஏன் கழுத்து உள்ளே இறங்குகிறது? ஐயையோ, அந்தக் கதை.

தூக்குகிறவன் பயந்தால் பெட்டி கனக்கும். இதை நான்தான் ரேஷன் கடை வரிசையில் சீமெண்ணெய்க்கு நிற்கும்போது பொழுது போகாமல் கட்டினேன். சீயானைப் பற்றி எவ்வளவோ கட்டியிருக்கிறேன். பெட்டியோடு வரும்போது அவர் முறைத்த முறைப்பில் திருமங்கலம் பஸ் நின்றுவிட்டது, கண்டக்டர் இறங்கி வந்து சாமிக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார் என்று சொல்வேன், தலையாட்டுவார்கள். வைகை வெள்ளத்தின்மேல் அவர் நடந்து போனார் என்று ஒருதரம் சொன்னேன், நடந்ததை எல்லோரும் நம்பினார்கள், வைகையில் தண்ணீர் வந்ததை ஒருத்தரும் நம்பவில்லை, அதனால் அந்தக் கதையை அத்தோடு விட்டுவிட்டேன். கனக்கும் கதை மட்டும் நின்றுவிட்டது. போன மாதம் முத்துப்பாண்டி மகள் கனகலட்சுமி அதை எனக்கே சொல்கிறாள், "தாத்தா, உங்களுக்குத் தெரியுமா..." என்று ஆரம்பித்து, நான் சொன்னதைவிட நன்றாக. இப்போது கனக்கிறது, கனக்கிறதென்றால் பயந்திருக்கிறேன், பயந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் இன்னும் கனக்கிறது... கட்டினவனையே அமுக்குகிற கதை உண்டா?

"நிறுத்துய்யா, நிறுத்து, சாமி போகுது!" முத்துப்பாண்டி துண்டை வீசுகிறான். ஒரு பஸ் நிற்கிறது, ஒரு கார் முனகிக்கொண்டு நிற்கிறது. உறுமி மேளம் என் முதுகில் அடிக்கிறது, நடக்கிறேன், இடது காலைத் தூக்கிக் கட்டைமேல் வைக்கிறேன், முட்டிக்குள்ளே ஏதோ நகர்கிறது, நகரட்டும், வலது காலும் எப்படியோ வந்துவிட்டது. கட்டைக்கு நடுவில் மண், அரளிச் செடிகள். நிற்கிறேன். எதிர்ப்பக்கம் லாரிகள் நிற்கவில்லை, ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போல வருகின்றன. அப்போதுதான் பின்னாலும் உறுமல் கேட்கிறது. நிறுத்தி வைத்த பஸ் கிளம்பிவிட்டதா? கூட்டம் இந்தக் கரைக்கு வருமுன்னேயே விட்டுவிட்டார்களா? இந்தப் பக்கம் காற்று அறைகிறது, அந்தப் பக்கம் காற்று அறைகிறது, உறுமிச் சத்தம் இல்லை. குலவை இல்லை. மாயக்காள் குரல்கூட இல்லை, அந்தக் குரல் இல்லாத இடத்தில் நான் நின்றதே கிடையாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. கூப்பிடக் கூடாது. யாராவது இருக்கிறீர்களா? போன வருஷம் வந்த கூட்டத்தில் பாதிகூட இந்த வருஷம் இல்லை, ஒருவன் திருப்பூர், ஒருவன் துபாய், இன்னொருவன் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே செல்போனில் சாமி பார்க்கிறான். கட்டைக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குப் போயிருந்தால்? ஒரு கிழவன், ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் லாரி... இதற்கு ஐயா வேறு தலைமேல் உட்கார்ந்திருக்கிறார், இறங்கித் தள்ளக்கூடவா தோன்றாது?

தொடை நடுங்குகிறது. பெட்டிக்குள் மணி கிணுகிணுவென்று அடித்துக்கொள்கிறது. இந்தச் சத்தம், இதை நான் கேட்டிருக்கிறேன். இதே இடம்தான், அப்போது ஒற்றைத் தார்ச்சாலை, இரண்டு ஓரமும் புளியமரம், மாட்டு வண்டிக்காரன் தூரத்திலேயே இறங்கிக் கும்பிடுவான். சீயானுக்குப் பின்னால் அப்பா தோளில் நான். சீயானின் கெண்டைக்கால் துடித்தது, மணி அடித்தது, "ஐயா இறங்குறாருடா, கும்பிட்டுக்க" என்றார் அப்பா. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன், துணிக் கட்டுக்குள்ளே அவர் வாய் அசைந்தது. "சீயான் என்னமோ பேசுறாரு." "மந்திரம்டா." அந்தச் சாலையில் அவர் பயப்பட என்ன இருந்தது? லாரியா, பஸ்ஸா? ஒன்றுமில்லை. பிறகு ஏன் என் கால் மாதிரியே... அந்த வருஷம்தானே அவர் தூக்க மாட்டேன் என்று நின்றது. ஒரு புளியமரத்துக்காக அண்ணன் தம்பி இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். சீயான் பெட்டி வீட்டு வாசலில் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பயலும் ஒண்ணா வந்து தொட்டாத்தான் தூக்குவேன், இல்லாட்டி ஐயா இங்கனயே கெடக்கட்டும், நானும் கெடக்குறேன்." பொழுது சாய இரண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வந்து தொட்டார்கள். அவ்வளவு பிடிவாதக்காரர், எமனே வந்தாலும் உட்கார வைத்து வரி கேட்பார் என்று நான் கதை சொல்கிற ஆள், நடுச்சாலையில் நடுங்கினார். திரும்பிப் பார்க்க முடியாமல். அந்த இரண்டு பேரும் பாதி வழியில் கழன்றுகொண்டார்களோ, வருகிறார்களோ... காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டா போனார்? ஒவ்வொரு வருஷமுமா?

முதுகுப் பக்கம் திடீரென்று குலவை வெடிக்கிறது. உறுமி தாவி வருகிறது. "ஏய், பெட்டி ஆடுது, மணி கேக்குது பாரு!" "சீயான் வந்துட்டாருடீ, அவரு நடுக்கம்தான், அப்பிடியே இருக்கு!" அந்தக் கிழட்டுக் குரல் யாருடையது? அவரைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா? முத்துப்பாண்டி ஓடி வந்து என் முன்னால் அரளிச் செடியை மிதித்துக்கொண்டு நிற்கிறான், டாட்டா ஏஸ் சொன்ன அதே முத்துப்பாண்டி, கை கூப்பியிருக்கிறது, கண்ணில் தண்ணீர். இது முட்டி நடுக்கமடா, மடையா. சொல்ல வாயில்லை. சொன்னாலும் எவன் நம்புவான், பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒரே நிஜத்தை? "சாமி," என்கிறான், சாமி இறங்கினவரிடம் எங்கள் ஆட்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், ஆனால் குரல் உடைகிறது, "எங்களை விட்டுட்டுப் போயிற மாட்டியே? எப்பவும் கூடவே இருப்பியா?"

அட, அது நான் கேட்க வேண்டிய கேள்வியல்லவா? இவ்வளவு நேரமும் கட்டுக்குள்ளே அதைத்தானே மென்றுகொண்டு நிற்கிறேன்... சீயானும் இதைத்தானா? எல்லோரும் மந்திரம் என்று கும்பிட்டார்களே, அது இதுதானா? வாருங்கடா, வருகிறீர்களாடா, பின்னால் இருக்கிறீர்களாடா... லாரிகள் நின்றுவிட்டன, யார் நிறுத்தினார்களோ. இடது காலை இறக்க வேண்டும். கனம் குறையவே இல்லை. துணிக்குள் என் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது, நிறுத்த முடியவில்லை.

"அப்பா, தாத்தா என்னமோ பேசுறாரு." கனகலட்சுமியின் குரல்.

"மந்திரம்டி," என்கிறான் முத்துப்பாண்டி.